கொம்போவும் காலத்திறனும்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

திரைச் சண்டை விளையாட்டுக்களை ஆய்வுப்பொருளாகக் கொள்வதற்கு எமது கல்வியுலகம் இன்னும் தயங்குகின்றது. சிறுவர் பொழுதுபோக்கென அவற்றை ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின், மனித விரல்கள் ஒரு செக்கனின் அறுபதிலொரு பங்குக்குப் பழக்கப்பட்டமை எத்தகைய பொருளியல் உறவுகளுக்குள் நிகழ்ந்தது என்னும் வினா, உழைப்பின் வரலாற்றில் அக்கறையுள்ளோர் தட்டிக்கழிக்கக்கூடியதன்று.

1991ஆம் ஆண்டு யப்பானின் கப்கொம் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்றீற் பைற்றர் 2' நாணயமிட்டு ஆடும் பொறியாகவே முதலில் வந்தது. எதிரி முதலடியின் அதிர்ச்சியிலிருந்து மீளுமுன் அடுத்த அடியையும் பொருத்திவிடும் தொடரடியே கொம்போ எனப்படுவது. இது திட்டமிட்டு ஆக்கப்பட்டதன்று. காரை உடைக்கும் இடைக்கட்டத்தைப் பரிசோதித்த நொறிட்டாக்கா புனமிசு, அடிகளுக்கிடையே மேலும் ஓர் அடியைப் புகுத்த இயலுவதைத் தற்செயலாகக் கண்டார். பயன்படுத்தவியலாத அளவுக்குக் கடினமெனக் கருதப்பட்டமையால் அது நீக்கப்படாது விடப்பட்டது. அதனைப் பயன்படுத்திக் காட்டியோர் ஆட்டக்காரரே. 1993இல் வெளிவந்த 'சுப்பர் ஸ்றீற் பைற்றர் 2' தொடரடிகளை எண்ணித் திரையில் அறிவிக்கத் தொடங்கிற்று. இவ்வரலாற்றைத் தனிமேதையொருவரின் படைப்பாக்க வரலாறாக எழுதுவது கருத்துமுதல்வாத மயக்கமேயன்றி வேறன்று.

விளையாட்டு நிலையத்தில் வென்றவன் இருப்பான்; தோற்றவன் மீண்டும் நாணயமிட வேண்டும். எனவே திறன் என்பது ஒரு நாணயத்துக்குக் கிடைக்கும் நேரத்தை நீட்டிக்கும் வழியுமாகும். ஆனால் கொம்போ ஆட்டத்தை விரைவில் முடித்துவைத்தது. வரிசை விரைந்து நகர்ந்தது. பொறியின் உடைமையாளருக்கு அதனால் நட்டமில்லை.

தொடரடிகளுள் மிகக் கடினமானது 'லிங்க்' எனப்படும் வகை. முதலடியை அடித்த பாத்திரம் தன் நிலைக்கு முற்றாக மீளவேண்டும். எதிரியின் அதிர்ச்சியோ அதற்குள் தீர்ந்துவிடலாகாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளி சிலவேளை ஒரேயொரு சட்டகம், அதாவது ஏறத்தாழ 16.7 மில்லிசெக்கன். கண்டவுடன் விரல் இயங்குவதற்கு மனிதனுக்கு 200 மில்லிசெக்கன் வரை, அதாவது 12 சட்டகங்கள் தேவை. எனவே பார்த்து அழுத்துவதென்ற பேச்சுக்கே இடமில்லை. இடைவெளியின் நீளத்தை உடல் மனனஞ் செய்யவேண்டும். பதற்றத்தில் பொத்தானைப் பலமுறை தட்டுபவன் தோற்கிறான்; முதலடியின் ஓசையிலிருந்து தாளத்தை எண்ணப் பழகியவன் வெல்கிறான்.

இங்கு 1911இல் ரெயிலர் நூலாக்கிய 'விஞ்ஞானபூர்வ முகாமைத்துவம்' நினைவுக்கு வருதல் இயல்பே. பிராங் கில்பிறெத்தும் லிலியன் கில்பிறெத்தும் தொழிலாளரின் அசைவுகளைத் திரைப்படமாக்கி நுண்கடிகாரத்தால் அளந்தனர். ஆட்டக்காரரும் சட்டகம் சட்டகமாக எண்ணி அட்டவணைகள் வகுத்தனர். ஒப்புமை இம்மட்டே. ஆலையில் தொழிலாளியின் அறிவு முகாமையாளரின் கைக்குச் சென்றது; இங்கோ பொறிக்குள் மறைந்திருந்த அறிவை ஆடுவோர் வெளிக்கொணர்ந்து தம்முட் பகிர்ந்துகொண்டனர். பின்னர் அத்தகைய அட்டவணைகள் வழிகாட்டி நூல்களில் விலைப்பண்டமாயின என்பது வேறு கதை.

2008இல் வந்த 'ஸ்றீற் பைற்றர் 4' ஒரு சட்டக லிங்குகளால் நிறைந்திருந்தது. இரு பொத்தான்களை ஒரு சட்டக இடைவெளியில் அடுத்தடுத்து அழுத்தினால், வலிய பொத்தானின் கட்டளை இருமுறை பதிவாவதை ஆடுவோர் கண்டறிந்தனர். ஒரு சட்டக வாய்ப்பு இரண்டாயிற்று. கூட்டு அனுபவத்தின் விளைபொருளாகிய இவ்வுத்தி எம்மை வியக்கவைக்கின்றது.

2016இல் வந்த ஐந்தாம் விளையாட்டு, சற்று முந்திய அழுத்தத்தையும் ஏற்றுக்கொண்டு லிங்குகளை எளிதாக்கிற்று. 1974இல் பிறேவர்மன் விளக்கிய திறன்நீக்கமே இதுவென்பார் உளர். நாம் இதனை முழுமையாக ஏற்கவில்லை. ஆயிரந்தடவை ஒரே அசைவைப் பயில ஓய்வு வேண்டும். ஓய்வோ வர்க்க சமுதாயத்தில் சமமாகப் பங்கிடப்பட்டதன்று. இராவேலை முடித்து வரும் இளைஞனுக்குப் பழைய கடினம் மூடிய கதவாகவே இருந்தது. எனினும், கதவைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு விதிகளை உடைமையாகக் கொண்ட நிறுவனத்திடமே இருந்தது. இரட்டையழுத்த உத்தியை ஆண்டுக்கணக்கில் பயின்றோரிடம் எவரும் கேட்கவில்லை; புதிய விளையாட்டில் அது வேண்டப்படாததாயிற்று.