ஃபேஸ்புக்குக்கு முந்தைய சமூக வலை

சமூக வலைப்பின்னல்னு சொன்னதும் நமக்கு ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும்தான் ஞாபகம் வரும். ஆனால் இந்தச் சொல் கம்ப்யூட்டர் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஆய்வாளர்களிடம் புழங்கியது. 1954-ல் ஜே. ஏ. பார்ன்ஸ் என்ற மானுடவியலாளர், நார்வேயில் பிரெம்னெஸ் என்ற தீவுப் பகுதி மக்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதைப் பயன்படுத்தினார். ஆட்கள் புள்ளிகள், பழக்கங்கள் அவற்றை இணைக்கும் கோடுகள். என்னை மாதிரி மென்பொருள் ஆட்கள் 'கிராஃப்' என்று சொல்வது இதைத்தான்.

மூன்று வருஷம் கழித்து, 1957-ல், எலிசபெத் பாட் இதைக் குடும்பத்துக்குள் கொண்டுவந்தார். லண்டனில் 20 குடும்பங்களை ஆராய்ந்து அவர் எழுதிய புத்தகம் இன்றைக்கும் பேசப்படுகிறது. ஒரு தம்பதிக்குத் தெரிந்தவர்கள் தங்களுக்குள்ளும் நெருக்கமாக இருந்தால், அந்த வீட்டில் ஆண் வேலை, பெண் வேலை என்ற பிரிவு அதிகம். கணவர் தன் நண்பர்களோடு, மனைவி தன் சொந்தங்களோடு. வலை தளர்ந்த வீடுகளில் இருவரும் வேலைகளையும் பொழுதுபோக்கையும் பகிர்ந்துகொண்டார்கள்.

அப்போ வலை தளர்வதுதான் நல்லதா? அவசரப்பட வேண்டாம். ரொசெட்டோவையும் பார்ப்போம்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள சின்ன ஊர் இது. இத்தாலியிலிருந்து சிலேட் குவாரி வேலைக்கு வந்தவர்கள் உருவாக்கியது. புகைபிடித்தார்கள், பன்றிக் கொழுப்பில் சமைத்துச் சாப்பிட்டார்கள். ஆனாலும் 1960-களில் ஸ்டூவர்ட் வுல்ஃப் குழுவினர் பார்த்தபோது, மாரடைப்பு மரணம் பக்கத்து ஊரான பாங்கரைவிட ரொம்பக் குறைவு. ஒரே வீட்டில் மூன்று தலைமுறை, சங்கங்கள், ஒருத்தருக்கு ஒன்றென்றால் ஓடிவரும் ஊர்: இதுதான் காரணம் என்றார்கள். இளைய தலைமுறை இதை விட்டு விலகினால் பாதுகாப்பும் போய்விடும் என்றும் எச்சரித்தார்கள். 1992-ல் வெளியான 50 வருஷ மரணப் பதிவுகளின் ஒப்பீடு அதையே காட்டியது. தனித்தனி வீடுகள் வந்தன. இரண்டு ஊருக்குமான வித்தியாசம் மறைந்தது.

சின்ன ஊர், சின்ன எண்ணிக்கை என்று நீங்கள் மறுக்கலாம். நியாயம்தான். ஆனால் கலிபோர்னியாவின் அலமேடா கவுன்ட்டியில் 1965 முதல் 9 வருஷம் 6,928 பேரைத் தொடர்ந்த ஆய்வும் இருக்கிறது. பெர்க்மன், சைம் இருவரும் 1979-ல் வெளியிட்டார்கள். கேட்டது நான்கே விஷயம்: திருமணம், நண்பர்-உறவினர் தொடர்பு, சர்ச், மற்ற சங்கங்கள். பிணைப்பு மிகக் குறைந்தவர்களின் மரண வீதம், மிக அதிகம் உள்ளவர்களைவிட ஆண்களில் 2.3 மடங்கு, பெண்களில் 2.8 மடங்கு. புகை, குடி, உடற்பயிற்சியை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் தொடர்பு மறையவில்லை.

இந்த ஆய்வுகளைச் சேர்த்து வைத்தால் சங்கடமான ஒரு விஷயம் தெரிகிறது. நோயில் தாங்கிப் பிடிக்கிற அதே இறுக்கமான வலைதான், வீட்டுக்குள் யார் எதைச் செய்யணும் என்பதையும் பூட்டி வைக்கிறது. கூட்டுக்குடும்பம் போச்சே என்று புலம்புகிறவர்கள் பாட்டைப் படிக்கணும். தனிக்குடித்தனம்தான் சுதந்திரம் என்பவர்கள் ரொசெட்டோவைப் படிக்கணும். பிணைப்பும் இருக்கணும், அதன் பாரம் ஒருத்தர் தலையிலேயே விழாமலும் இருக்கணும். நம் தலைமுறை தீர்க்க வேண்டிய கணக்கு இதுதான்.