தவணையும் நீதியும்: வீட்டுப் பொருள் கடன் விற்பனையின் வரலாறு

கடன் தொடர்பாகத் தமிழில் வழங்கும் சொற்களுள் பல, அரபு மூலத்தினின்று பாரசீகம், உருது ஆகியவற்றின் வழியே வந்து சேர்ந்தவை. பாக்கி, வசூல், ஜாமீன், அசல், வாய்தா ஆகியன அத்தகையவை. நிலவரித் தவணையைக் குறித்து வழங்கிய 'கிஸ்தி'யும் அவ்வகையினதே. இதன் மூலமான 'கிஸ்த்' என்னும் அரபுச் சொல்லுக்குப் பங்கு, தவணை என்னும் பொருள்களோடு நீதி என்னும் பொருளும் உண்டு. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) தவணைக் கடனை எழுதிவைக்குமாறு பணிப்பதாகும். அவ்வாறு எழுதுவதே இறைவனிடத்தில் மிகவும் நீதியானது என்று அவ்வசனம் கூறுமிடத்திலும் இதே வேர்ச்சொல்லே வருகின்றது.

கட்டில், அலமாரி, நாற்காலி, மேசை முதலிய வீட்டுப் பொருள்களைக் கடையிலேயே கடனாகப் பெற்று, விலையை மாதந்தோறும் செலுத்தும் வழக்கம் இன்று நடுத்தரக் குடும்பங்களிடையே பரவியுள்ளது. இதன் வரலாற்றை நோக்குவார்க்கு, தவணையும் நீதியும் ஒரு சொல்லில் கூடியிருப்பினும் நடைமுறையில் பலகாலும் பிரிந்தே சென்றுள்ளமை புலனாகும். அப்பிரிவு நேர்ந்த இடங்கள் இரண்டு. வாங்கிய பொருள் எப்போது வாங்கியவருக்கு உடைமையாகின்றது என்பது ஒன்று. தவணை தவறினால் கடன் வளருமா என்பது மற்றொன்று.

மதீனாவின் சந்தை

கடனுக்கு வாங்குவதை இஸ்லாம் இழிவாகக் கருதவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் யூதர் ஒருவரிடம் உணவுப் பொருளைத் தவணைக்கு வாங்கி, தம் இரும்புக் கவசத்தை ஈடாக வைத்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் பதிவான செய்தி. பகுதி பகுதியாகச் செலுத்தும் முறையும் அன்று அறியப்பட்டதே. அடிமையாயிருந்த பரீரா (ரலி) தம் விடுதலைக்காக ஆண்டுக்கு ஓர் ஊக்கியா வீதம் ஒன்பது ஊக்கியா வெள்ளி செலுத்துவதாக உரிமையாளருடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அத்தொகை முழுவதையும் ஒரே தடவையில் அளிக்க முன்வந்த செய்தி ஹதீஸ் நூல்களில் விரிவாக இடம்பெற்றுள்ளது.

அறியாமைக் காலத்து வட்டி இதனின்று வேறுபட்டது. தவணை முடிந்த நாளில் கடனாளி செலுத்த இயலாதவனாயின், தவணையை நீட்டித்துத் தொகையையும் உயர்த்துவர். அடுத்த தவணையிலும் அதுவே நிகழும். கடன் முதலில் எதற்காக ஏற்பட்டது என்பதே மறந்துபோகும் அளவிற்கு அது பெருகும். வணிகத்தை அனுமதித்து வட்டியை விலக்கும் வசனத்தை (2:275) அடுத்து, நெருக்கடியில் உள்ள கடனாளிக்கு வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுப்பது அதனினும் சிறந்தது என்றும் கூறும் வசனம் (2:280) அமைந்திருப்பது கருதத்தக்கது. காலம் கடந்தமைக்காகக் கடனை வளர்ப்பதற்கு நேர்மாறான வழியை அது காட்டுகின்றது.

சட்ட அறிஞர் வகுத்த வரம்பு

ரொக்க விலையினும் தவணை விலை மிகுதியாக இருக்கலாமா என்னும் வினா ஃபிக்ஹ் நூல்களில் நெடுங்காலம் ஆராயப்பட்டது. நான்கு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர் இதை அனுமதித்தனர். தவணைக்கு விலையில் ஒரு பங்கு உண்டு என்னும் கருத்து ஷாஃபிஈ நூல்களில் விதியாகவே வழங்குகின்றது. அங்கும் 'பங்கு' என்பதைக் குறிக்க வரும் சொல் 'கிஸ்த்' என்பதே. இதனை ஏற்காதாரும் உளர். அண்மைக் காலத்து ஹதீஸ் அறிஞரான ஷைகு நாஸிருத்தீன் அல்பானி (இறப்பு 1999), தவணைக்காக விலையை உயர்த்துவது கூடாது என்றே கருதினார்.

அனுமதித்தோரும் வரம்பின்றி அனுமதித்தாரல்லர். ஒரே விற்பனையில் இரு விற்பனைகளைச் செய்வதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தார்கள். ரொக்கமாயின் இவ்வளவு, தவணையாயின் இவ்வளவு என்று கூறியபின், இரண்டில் ஒன்றை உறுதி செய்யாமலே பிரிந்து செல்வது இத்தடையில் அடங்கும் என்பது பெரும்பாலோர் விளக்கம். ஆதலின் விலை ஒன்றாக, ஒப்பந்த வேளையிலேயே முடிவாகிவிட வேண்டும். முடிவான பின்னர் அது காலத்தால் வளராது.

உடைமை பற்றிய விதி இதனினும் இன்றியமையாதது. விற்பனை நிறைவேறிய உடனே பொருள் வாங்கியவருக்குச் சொந்தமாகின்றது. விலை மட்டுமே அவர் பொறுப்பில் கடனாக நிற்கும். விற்றவர் பாதுகாப்பு வேண்டின் ஈடோ ஜாமீனோ கேட்கலாம். விற்ற பொருளையே ஈடாகக் கேட்பதற்கும் இக்காலச் சட்டப் பேரவை இடமளித்துள்ளது. ஆயினும் ஈடான பொருள் ஈடு வைத்தவரின் உடைமையே. கடனுக்காக அதனை விற்க நேரின், கடன் போக எஞ்சிய தொகை அவருக்கே உரியது.

வாடகை என்னும் வேடம்

மேலைநாடுகளில் வரலாறு வேறு திசையில் சென்றது. நியூயார்க்கின் கௌப்பர்த்வெயிட் நிறுவனம் 1807ஆம் ஆண்டிலேயே மரச்சாமான்களைத் தவணைக்கு விற்றதாக அமெரிக்க வரலாற்றாசிரியர் குறிப்பர். 1856இல் சிங்கர் நிறுவனத்தின் பங்குதாரரான எட்வர்ட் கிளார்க், தையல் இயந்திரத்தை மாதத் தவணைக்கு அளிக்கத் தொடங்கியபின் இம்முறை வீடுதோறும் புகுந்தது.

இங்கே விற்பவரை அச்சுறுத்திய சிக்கல் ஒன்றிருந்தது. பொருளை விற்றுவிட்டால் உடைமை வாங்கியவரைச் சேரும். அவர் விலை செலுத்தாமலே பிறருக்கு விற்றுவிடவும் கூடும். இதைத் தவிர்க்கக் கண்ட வழியே வாடகைக் கொள்முதல். பொருள் விற்கப்படுவதில்லை, வாடகைக்கு விடப்படுகின்றது. கடைசித் தவணை செலுத்திய பிறகே அது உடைமையாகும்.

இங்கிலாந்தில் இதற்கு உறுதியான அடித்தளம் இட்டது 1895ஆம் ஆண்டின் ஹெல்பி எதிர் மேத்யூஸ் வழக்கு. மாதம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் வீதம் 36 மாதங்கள் செலுத்தும் ஒப்பந்தத்தில் ஒரு பியானோவைப் பெற்றவர், சில மாதங்களிலேயே அதனை அடகு வைத்தார். அவர் விரும்பும்போது பியானோவைத் திருப்பித் தரலாம்; வாங்கியே தீரவேண்டும் என்னும் கடப்பாடு அவருக்கு இல்லை; ஆதலின் அது வாடகையே, உடைமை விற்றவரிடமே உள்ளது என்று பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடகு பிடித்தவர் பியானோவை இழந்தார்.

அடகு வைத்தவர் நடத்தையில் குற்றம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அத்தீர்ப்பின் சுமை நேர்மையாகச் செலுத்தி வந்த ஏழைகள் மீதும் விழுந்தது. பெரும்பகுதியைச் செலுத்திய பின் வேலையிழந்து இறுதித் தவணைகளில் தவறியவரின் வீட்டினின்று பொருளைத் தூக்கிச் செல்லவும், அதுவரை பெற்ற தொகையை வாடகையாகக் கொள்ளவும் கடைக்காரருக்கு வழி கிடைத்தது. ஈடாயின் எஞ்சிய மதிப்பு கடனாளியைச் சேர்ந்திருக்கும். வாடகையாயின் அவருக்கு எதுவும் இல்லை.

வேலையின்மையால் வாடிய ஜாரோ தொகுதியின் உறுப்பினரான எலன் வில்கின்சன் இக்கொடுமையைத் தடுக்க முன்வந்தார். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1938இல் சட்டமாயிற்று. ரொக்க விலையை வாங்குவோருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றும், மூன்றில் ஒரு பங்கு செலுத்தப்பட்டபின் நீதிமன்றத்தின் அனுமதியின்றிப் பொருளைப் பறிக்கலாகாது என்றும் அச்சட்டம் விதித்தது.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் நிகழ்ந்த வாக்கர்-தாமஸ் மரச்சாமான் கடை வழக்கு இதனினும் வருந்தத்தக்கது. மாதம் 218 டாலர் அரசு உதவித்தொகை பெற்றுவந்த ஒரு தாய், 1957 முதல் 1962 வரை அக்கடையில் பல பொருள்களை வாங்கினார். வாங்கியவற்றின் மொத்த விலை ஏறத்தாழ 1,800 டாலர். அதில் 1,400 டாலர் செலுத்திவிட்டார். எனினும் அவர் செலுத்திய ஒவ்வொரு தவணையும் எல்லாப் பொருள்களின் மீதும் விகிதப்படி பகிர்ந்து வரவு வைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் ஒரு விதி இருந்தது. அதனால் முதலில் வாங்கிய பொருளும் முழுமையாகத் தீரவில்லை. இறுதியாக வாங்கிய 514 டாலர் 95 சென்ட் விலையுள்ள இசைப் பெட்டிக்குத் தவணை தவறியபோது, ஐந்தாண்டுகளாக வாங்கிய அனைத்தையும் மீட்கக் கடை முயன்றது. மனச்சான்றுக்கு ஒவ்வாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் செயற்படுத்த வேண்டியதில்லை என்று கூறி, 1965இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது.

நம் நாட்டு நிலை

இந்திய நாடாளுமன்றம் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டத்தை இயற்றியது. ஆயின் அது நடைமுறைக்கு வரவேயில்லை, 2005இல் நீக்கப்பட்டது. இதற்கிடையே வணிகத்தின் வடிவமும் மாறியது. இப்பொழுது பெரிய கடைகளில் தவணை கொடுப்பவர் பெரும்பாலும் கடைக்காரர் அல்லர். நிதி நிறுவனமோ வங்கியோ கடைக்காரருக்குப் பணத்தைச் செலுத்திவிடுகின்றது. வாங்குபவர் அந்நிறுவனத்திற்குக் கடனாளியாகின்றார். வெளித்தோற்றத்தில் இது பொருளின் தவணை விற்பனை. ஒப்பந்தத்தில் இது பணக்கடன்.

'வட்டியில்லாத் தவணை' என்னும் விளம்பரத்தை இந்த ஒளியிலேயே நோக்க வேண்டும். கடன் அட்டை நிலுவைகளுக்கான இத்தகைய திட்டங்களில் வட்டி, செயற்பாட்டுக் கட்டணம் என்னும் பெயரில் மறைக்கப்படுகின்றது என்றும், பூச்சிய வட்டி என ஒன்று இல்லை என்றும் இந்திய ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில் சுட்டிக்காட்டியது.

இஸ்லாமிய மாநாட்டு அமைப்பின் சார்பில் இயங்கிய ஃபிக்ஹ் பேரவை 1990 மார்ச்சில் ஜித்தாவில் கூடியபோது இப்பொருளை ஆராய்ந்து தீர்மானம் இயற்றியது. ரொக்க விலையினும் தவணை விலை மிகுந்திருப்பது கூடும். ஆனால் ஒப்பந்தத்தில் வட்டியைத் தனியே பிரித்துக் காட்டலாகாது. தாமதத்திற்காகக் கடனைக் கூட்டுவது, முன்நிபந்தனையாயினும் இல்லாவிடினும், வட்டியே. விற்றபின் உடைமையை விற்றவர் தம்மிடம் வைத்துக்கொள்ள உரிமையில்லை, ஈடு கோரலாம். தவணை தவறினால் எஞ்சிய தவணைகள் அனைத்தும் உடனே செலுத்தத்தக்கவை ஆகும் என நிபந்தனை இடலாம். வசதியுள்ள கடனாளி தாமதிப்பது ஹராம் என்பதையும் பேரவை எடுத்துரைத்தது. ஆகவே விற்பவரின் உரிமை இங்குக் கைவிடப்படவில்லை. கடனாளியின் வறுமை அவருக்கு வருவாயாவது மட்டுமே தடுக்கப்பட்டது.

வாக்கர்-தாமஸ் கடைக்கு எதிராக நீதிபதிகள் தேடிக்கண்ட நியாயமும் எலன் வில்கின்சன் போராடிப் பெற்ற பாதுகாப்பும் போற்றத்தக்கவை. உடைமை யாருடையது என்னும் அடிப்படையை மாற்றாமல், அதன் விளைவுகளை மட்டும் தணித்தவை அவை. விற்பனை என்றால் விற்பனையே, பொருள் வாங்கியவருடையதே என்று தொடக்கத்திலேயே கொண்ட ஃபிக்ஹ், அக்கொடுமையின் வேரில் கைவைத்தது.

இவ்வரலாற்றை அறிந்தவர், மகளின் மணத்திற்குக் கட்டிலும் அலமாரியும் வாங்கக் கடை ஏறும்போது, மாதத்தொகை எவ்வளவு என்பதோடு நில்லாமல் வேறு சிலவற்றையும் வினவுவார். எனக்குக் கடன் தருபவர் யார்? முழு விலை ஒன்றாக முடிவாகிவிட்டதா? ரொக்கமாகத் தந்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் எங்கே போயிற்று? ஒரு மாதம் தவறினால் தொகை கூடுமா? கையெழுத்திடும் தாளில் இவற்றிற்கு விடை இருக்கும். கடனை எழுதிவைக்க வசனம் பணித்தது, எழுதியதை இரு தரப்பாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே. வாசிக்காமல் இடும் கையெழுத்தினால் அந்நோக்கம் நிறைவேறுவதில்லை.