நாணயங்களால் நின்ற கலைக்கூடம்

கல்வி என்றதும் நம் நினைவுக்கு வருவன எழுத்தும் எண்ணும். ஓவியமும் சிற்பமும் வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். இக்குற்றத்திற்கு நானும் விலக்கல்லன். தேர்வு நெருங்கும்போதெல்லாம் ஓவிய வகுப்பை நிறுத்திக் கணக்குப் பாடம் நடத்தச் சொன்ன தலைமையாசிரியர்களுள் யானும் ஒருவன். நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், நம்மைப் போல் ஒடுக்கப்பட்ட மற்றொரு மக்கள் கலைக்கல்வியைத் தம் உடைமையாக்கிக்கொண்ட வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பயன் தரும்.

ஆர்லெம்

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கொடுமைக்குள்ளான கறுப்பின மக்கள், 1915-ஐ ஒட்டிய ஆண்டுகள் தொடங்கி, இலட்சக்கணக்கில் வட நகரங்களுக்குக் குடிபெயர்ந்தனர். நியூயார்க் நகரின் ஆர்லெம் பகுதி அவர்களுக்குத் தலைநகர் போலாயிற்று. அதன் அருகிலுள்ள கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலேதான் அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை பயின்றார்.

அகஸ்டா சாவேஜ் 1892இல் புளோரிடாவில் பிறந்தவர். சிறுமியாய் இருந்தபோதே களிமண்ணில் உருவங்கள் செய்தார். சமயப் போதகரான தந்தை அதற்காக அவரை அடித்தார். 1923இல் பிரான்சு நாட்டுக் கோடைக்காலக் கலைப்பள்ளி ஒன்றில் பயில விண்ணப்பித்தார். கறுப்பினத்தவர் என்ற காரணத்தால் அமெரிக்கத் தேர்வுக் குழு அவரை விலக்கியது. அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தோருள் அறிஞர் டுபாய்சும் ஒருவர். அதே டுபாய்சுக்குத்தான் 1946இல் அண்ணல் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் அவைக்குக் கறுப்பின மக்கள் அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார்.

தமக்கு அடைக்கப்பட்ட கதவைச் சாவேஜ் பிறருக்குத் திறந்தார். முதலில் தம் சொந்தக் கூடத்தில் கற்பித்தார். பின்னர் 1937இல், அரசின் கலைத்திட்டம் நிறுவிய ஆர்லெம் சமுதாயக் கலை நிலையத்தின் முதல் இயக்குநரானார். முதல் பதினாறு மாதங்களில் 1,500 பேருக்கு மேல் அங்குப் பயின்றனர். அவர்களுள் சிறுவரும் இருந்தனர், பெரியவரும் இருந்தனர். சாவேஜ் கைதூக்கிவிட்ட இளைஞருள் ஒருவரான ஜேக்கப் லாரன்சு, தம் மக்களின் குடிபெயர்ச்சியை 60 ஓவியங்களாகத் தீட்டி 1941இல் முடித்தார்.

1939ஆம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகச் சாவேஜ் 16 அடி உயரச் சிற்பம் ஒன்றைச் சுதையில் வடித்தார். வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் அதனை உடைத்துவிட்டனர். அரசின் உதவி நின்றதும், 1942இல் ஆர்லெம் நிலையமும் மூடப்பட்டது.

சிகாகோ

அதே அரசுத் திட்டத்தின் துணையோடு சிகாகோ நகரின் தென்பகுதியிலும் ஒரு கலை நிலையம் 1940இல் தொடங்கியது. ஆயின் அங்கு ஒரு வேறுபாடு உண்டு. கட்டடத்தை மக்களே தங்கள் பணத்தால் வாங்கினர். நடன விருந்துகள் நடத்தி நிதி திரட்டினர். தெருமுனைகளில் நின்று பத்து சென்ட் நாணயங்களாகவும் தண்டினர். அவ்வாறு நின்றோருள் ஒருவர் மார்கரெட் பர்ரோசு, பின்னாளில் பள்ளியாசிரியை.

கறுப்பினத்தார்க்கென எழுந்த இந்நிலையம் பிறரை விலக்கவில்லை. அதன் முதல் இயக்குநர் வெள்ளையரான பீட்டர் பொல்லாக். கூடத்தின் மரவேலைப்பாட்டை வடிவமைத்தோருள் ஒருவர் செருமானியர். 1943இல் அரசின் திட்டம் முடிந்தது. நாடெங்கும் இருந்த இத்தகைய நிலையங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை. அவற்றுள் பெரும்பாலானவை மறைந்தன. சிகாகோ நிலையமோ அதே கட்டடத்தில் இன்றும் இயங்குகிறது. இரண்டிலும் கலைத்திறம் குறைவில்லை. நிலைத்ததற்குக் காரணம் சொந்தக் கூரையே.

நமக்குரியது

அரசு உதவியை நாம் கேட்டுப் பெறவேண்டும். அது நம் உரிமை. ஆனால் அதனை மட்டுமே நம்பிய பணி அதனோடு முடியும். நம் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையைக் கலைக்கென ஒதுக்குவோம். வீட்டுக்கு ஒரு சிறு தொகை திரட்டுவோம். மண்ணும் மூங்கிலும் அறிந்த நம் பெரியோர், பேரப்பிள்ளைகளுக்கு அங்கே ஆசிரியராகட்டும். பறையையும் கற்பிப்போம். கட்டாயத்தின்பேரில் சாவு வீட்டில் அடித்த பறை நம் முன்னோர்மீது சுமத்தப்பட்ட இழிவு. விரும்பிக் கற்று, விரும்பிய மேடையில் முழக்கும் பறை நம் கலை. அறையின் கதவு எல்லாச் சாதி, சமயப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கட்டும். திறவுகோல் மட்டும் நம் கையில் இருக்கட்டும்.