கூண்டுக்கு வராத எதிரி

சென்ற வாரம் 1991 மே 21 இரவில் நிறுத்தியிருந்தோம். மீனம்பாக்கத்தில் இறங்கிய ராஜீவ் காந்தி, பூந்தமல்லி வழியாகத்தான் ஸ்ரீபெரும்புதூர் போனார். அவருடைய கொலை வழக்கும் கடைசியில் பூந்தமல்லிக்கே வந்தது. அந்த நீதிமன்றம் ஊர்ப் பேச்சில் ‘தடா கோர்ட்’.

குண்டு வெடித்த இடத்தில் போட்டோகிராபர் ஹரிபாபுவும் செத்துக் கிடந்தார். அவருடைய கேமரா உடையவில்லை. அதிலிருந்த 10 படங்கள்தான் வழக்குக்கு வழி காட்டின. ஒன்றில், கையில் சந்தன மாலையோடு, குண்டைக் கட்டி வந்த தணு.

வழக்கில் 41 எதிரிகள். 12 பேர் இறந்திருந்தார்கள். 26 பேர் கூண்டில் நின்றார்கள். தலைமறைவு என்று எழுதப்பட்ட மூவர் பொட்டு அம்மான், அகிலா, வேலுப்பிள்ளை பிரபாகரன்.

அந்தப் பிரபாகரன் ஒரு காலத்தில் தமிழகப் போலீஸ் கையிலேயே இருந்தவர். 1982 மே மாதம் சென்னை பாண்டி பஜாரில், போட்டி இயக்கத் தலைவர் உமா மகேஸ்வரனோடு துப்பாக்கிச் சண்டை, கைது, பிறகு ஜாமீன். மதுரையில் தங்க வேண்டும் என்ற நிபந்தனையை மீறி ஈழத்துக்குப் போய்விட்டார். வல்வெட்டித்துறையில் பிறந்து, 20 வயதில் யாழ்ப்பாண மேயர் துரையப்பாவைப் பொன்னாலைக் கோயில் வாசலில் சுட்டு, மறுவருடமே புலிகள் இயக்கத்தைத் தொடங்கியவர். 1983-இல் இலங்கையில் நடந்த ஜூலைக் கலவரத்துக்குப் பின் தமிழகம் இயக்கப் பிள்ளைகளை வீட்டுப் பிள்ளைகளாகவே பார்த்தது. எம்.ஜி.ஆர். பணமே கொடுத்தார்.

அந்தப் பாசத்தை யாரும் பறிக்கவில்லை. பிரபாகரனே தொலைத்தார் என்பது என் துணிபு. 1990 ஜூனில் கோடம்பாக்கத்தில், இன்னொரு ஈழ இயக்கத்தின் தலைவரான பத்மநாபாவையும் தோழர்களையும் சுட்டுக் கொன்றபோதே தமிழகம் அதிர்ந்தது. ஸ்ரீபெரும்புதூருக்குப் பிறகு கதவே அடைபட்டது. கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த பின்தளம் போனது. 1992-இல் இந்தியா இயக்கத்தைத் தடை செய்தது. அகதியாய் வந்த ஏழைகளும் சந்தேகப் பார்வையில் விழுந்தார்கள்.

அரசுத் தரப்பில் 288 சாட்சிகள். 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்கு. இருபத்தாறு உயிர், ஒரே தீர்ப்பு! மறுவருடம் உச்ச நீதிமன்றம் நால்வருக்குத் தூக்கை உறுதி செய்தது, மூவருக்கு ஆயுள், 19 பேர் வெளியே வந்தார்கள். இத்தனை வருடம் போனதற்கு அவர்கள் யாரிடம் கேட்பது?

2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் நிருபர்கள் ராஜீவ் கொலையைப் பற்றிக் கேட்டபோது, ‘துன்பியல் சம்பவம்’ என்றார் பிரபாகரன். மேலே பேசவில்லை. 2004-இல் இயக்கத்தின் கிழக்குத் தளபதி கருணா பிரிந்தார். 2009 ஜனவரியில் கிளிநொச்சி விழுந்தது. முள்ளிவாய்க்கால் மணலில் சனங்கள் ஆயிரமாயிரமாய் மடிந்த மே மாதத்தில், நந்திக்கடலோரம் அவர் முடிவும் வந்தது.

இங்கே பலர் அதை நம்ப மறுத்தார்கள். 2010-இல் தடா நீதிமன்றம் அவர் மீதான குற்றச்சாட்டுகளைக் கைவிட்டு, வழக்கிலிருந்து பெயரை நீக்கியது.

(தொடரும்)