சுவர் யாருக்கு வாசலாக இருந்தது?

பெர்லினில் ஸ்ப்ரே ஆற்றை ஒட்டி 1.3 கிலோமீட்டர் நீளத்துக்குச் சுவர் இன்னும் நிற்கிறது. 1990-இல் 21 நாடுகளின் 118 ஓவியர்கள் அதன் கிழக்கு முகத்தில் வரைந்தார்கள்.  ப்ரெஷ்னேவும் ஹோனெக்கரும் முத்தமிடும் ஓவியத்தின் முன்னால் எந்நேரமும் கூட்டம். எல்லோரும் போட்டோ எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், பொய் சொல்வானேன். இதே சுவரின் ஒரு பகுதியை, 2013-இல் மக்கள் எதிர்ப்பையும் மீறி, பணக்காரக் குடியிருப்புக்கு வழிவிடப் பெயர்த்தார்கள். 'சுதந்திரத்தின் சின்னம்' ரியல் எஸ்டேட்டுக்கு முன்னால் அவ்வளவுதான்.

நினைவுச்சின்னங்கள் கடந்தகாலத்தை ஒழுங்குபடுத்தித் தருகின்றன. எதை நினைக்க வேண்டும் என்று சொல்லும்போதே எதை மறக்கலாம் என்றும் சொல்லிவிடுகின்றன. கிழக்கு பெர்லினில் 1970-இல் நிறுவிய 19 மீட்டர் கிரானைட் லெனினை 1991-இல் துண்டுதுண்டாக்கி நகரோரக் காட்டில் புதைத்தார்கள். 2015-இல் தலையை மட்டும் தோண்டியெடுத்தார்கள். இப்போது ஸ்பான்டாவ் கோட்டை அருங்காட்சியகத்தில் பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கிறது. நிறுவியதும் அரசு, புதைத்ததும் அரசு, தோண்டியதும் அரசு.

இதற்கு எதிர்நிலையில் ஒரு அழிப்பைக் க்ராய்ட்ஸ்பெர்க்கில் கேள்விப்பட்டேன். ப்ளூ என்ற ஓவியர் 2007-08-இல் அங்கே இரண்டு பெரிய சுவரோவியங்கள் வரைந்தார். ஒன்றில், கைக்கடிகாரங்களால் விலங்கிடப்பட்ட தலையில்லாத மனிதன். நாளடைவில் அந்த ஓவியங்களே பகுதியின் மவுசைக் கூட்டி, வாடகை ஏற உதவின. 2014 டிசம்பரில் அவர் சம்மதத்தோடு தோழர்கள் அவற்றின் மேல் கறுப்பு பூசினார்கள். விற்பனைக்குப் போவதைவிட இல்லாமல் போவது மேல் என்ற முடிவு. அரசு செய்யும் மறதிக்கும் கலைஞன் செய்யும் மறுப்புக்கும் உள்ள தூரம் இதுதான்.

என்னைச் சுற்றிக் காட்டியவர் யாழ்ப்பாணத்து அண்ணர். முத்த ஓவியத்தின் முன்னால் நின்று அவர் சொன்னார்: "எல்லாருக்கும் இது சுவர், தம்பி. எங்களுக்கு வாசல்."

எனக்கு முதலில் புரியவில்லை. 1983 படுகொலைகளுக்குப் பிறகு தப்பியோடிய தமிழர்களில் பலர் விமானத்தில் வந்து கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்டில் இறங்கினார்கள். ட்ரான்சிட் விசாவோடு ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்துக்கு வந்து மேற்குக்குப் போகும் ரயிலைப் பிடித்தார்கள். மேற்கில் அவர்களைத் தடுக்க எல்லைக் கட்டுப்பாடு இல்லை. அங்கே பாஸ்போர்ட் கேட்டால், அந்தக் கோட்டை ஒரு நாட்டின் எல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா! கிழக்குக்கும் இதில் கருணை ஒன்றும் கிடையாது. தன் குடிமக்களைச் சுட்ட அரசு அது. பெர்லின் சுவரில் செத்தவர்கள் குறைந்தது 140 பேர். இரண்டு அதிகாரங்களின் சண்டையில் விழுந்த ஓட்டை வழியாக அகதி நுழைந்தான்.

1985-இல் மேற்கு ஜெர்மனியின் நெருக்குதலுக்குப் பிறகு, மேலே செல்ல விசா இல்லாத தமிழர்களுக்குக் கிழக்கு அந்த வழியை அடைத்தது. சுவரைத் திற என்று உலகம் கேட்க முழங்கியவர்கள், அதன் ஒரு பொந்தை மூடு என்று கிசுகிசுத்திருக்கிறார்கள். 1989-இல் சுவர் விழுந்தது. நான்கே வருடத்தில், 1993-இல், ஐக்கிய ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தைத் திருத்தி அகதித் தஞ்ச உரிமையைக் குறுக்கிக்கொண்டது. 'சுவர் வீழ்ந்தது, சுதந்திரம் வென்றது' என்ற பெருங்கதையாடலுக்குள் இந்தத் தேதிகளை எங்கே வைப்பது?

சாயங்காலம் ஃப்ரீட்ரிஷ்ட்ராஸ நிலையத்துக்குப் போனோம். ஒரு கல்லாவது, ஒரு வரியாவது இருக்குமா என்று தேடினேன். என் கண்ணில் எதுவும் படவில்லை. அண்ணர் பிளாட்பாரத்தைக் கைகாட்டி, "எண்பத்திநாலில இதாலதான் வந்தனான்" என்றார். ரயில் வந்தது. ஏறிக்கொண்டோம். யாரும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.