ஏழு இலக்கத்தின் விலை

பழைய அமெரிக்கக் கார்களின் விற்பனை விளம்பரங்களை வாசிப்பது எனக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. வாங்கப் போவதில்லை, வாங்கவும் முடியாது. ஆனால் குறிப்பாக 1960-களின் கொர்வெட் கன்வெர்ட்டிபிள் விளம்பரங்களில் ஒரு விநோதம் இருக்கிறது. காரின் நிறம், ஓடிய மைல், கூரைத் துணியின் நிலை எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு வார்த்தை வந்து நிற்கும்: ‘நம்பர்ஸ் மேட்சிங்’.

அதாவது, ஆலையில் இந்தக் காரில் பொருத்திய அதே எஞ்சின்தான் இன்றும் இதில் இருக்கிறது என்று பொருள். பக்கத்திலேயே அதே வருஷம், அதே நிறம், இன்னும் நன்றாக ஓடக்கூடிய இன்னொரு கார் இருக்கலாம். அந்த இரண்டு வார்த்தை இல்லாவிட்டால் அதன் விலை பல படி கீழே. ஓட்டிப் பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு வித்தியாசத்துக்கு எதற்கு இவ்வளவு காசு? இதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இது.

முதலில் காரைப் பற்றிக் கொஞ்சம். கொர்வெட் முதலில் வெளியே தலைகாட்டியது 1953 ஜனவரியில், நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய மோட்டோரமா கண்காட்சியில். அந்த வருஷம் ஃபிளின்ட் நகரில் மொத்தம் 300 கார்கள்தான் செய்தார்கள். அத்தனையும் வெள்ளை, உள்ளே சிவப்பு. உடம்பு தகரம் இல்லை, ஃபைபர்கிளாஸ். வெளியில் கதவுக் கைப்பிடி கிடையாது, ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடியும் கிடையாது. தோற்றம் ஸ்போர்ட்ஸ் கார், உள்ளே இருந்ததோ ஆறு சிலிண்டர் எஞ்சினும் இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக்கும். அடுத்த வருஷம் உற்பத்தியை செயின்ட் லூயிஸுக்கு மாற்றி 3,640 கார் செய்தார்கள். அதில் மூன்றில் ஒரு பங்கு விற்காமல் தேங்கியது. 1955-ல் 700 தான். கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

அதைக் காப்பாற்றியதில் இரண்டு பேருக்குப் பங்கு உண்டு. ஒன்று, போட்டிக்காக தண்டர்பேர்டைக் கொண்டுவந்த ஃபோர்டு. முதல் வருஷமே 16,000-க்கு மேல் விற்றது அது. ஜி.எம்.முக்கு மானப் பிரச்சினை ஆகிவிட்டது. இன்னொருவர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். ரஷ்யப் பெற்றோருக்கு பிரஸ்ஸல்ஸில் பிறந்து, மோட்டோரமாவில் இந்தக் காரைப் பார்த்து மயங்கி, ஜி.எம்.முக்குக் கடிதம் எழுதி வேலைக்குச் சேர்ந்த எஞ்சினியர். V8 எஞ்சின் 1955-ல் வந்தது. 1957-ல் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன். 1963-ல் ஸ்டிங் ரே. அங்கிருந்து 1967.

இந்த 1967 உண்மையில் திட்டத்திலேயே இல்லாத வருஷம். புது வடிவம் தயாராகத் தாமதமானதால் பழையதையே ஒரு வருஷம் நீட்டினார்கள். ‘புதுசு வரட்டும்’ என்று பலர் காத்திருந்ததில் முந்தைய வருஷத்தின் 27,720-லிருந்து உற்பத்தி 22,940-ஆக இறங்கியது. அதில் 14,436 கன்வெர்ட்டிபிள். துணிக் கூரை வண்டிதான் அப்போது மலிவு, சுமார் 4,240 டாலர். மூடிய கூப்பேக்கு அதைவிட ஏறக்குறைய 150 டாலர் கூடுதல். அன்று கொஞ்சம் மந்தமாகப் போன அந்த வருஷத்து வண்டிதான் இன்று சேகரிப்பாளர்கள் அடித்துக்கொள்ளும் கொர்வெட்.

காரணம் எஞ்சின். ஒரே உடம்புக்குள் 300 குதிரைத்திறனில் ஆரம்பித்துப் பல எஞ்சின்கள் கிடைத்தன. 427 கன அங்குல எஞ்சினில் எல்-71 என்ற வகைக்கு 435 குதிரைத்திறன், கூடுதல் விலை 437 டாலர். எல்-88 என்று இன்னொன்று. அதற்கு 947 டாலர். காகிதத்தில் அதன் சக்தி வெறும் 430! உண்மையில் 500-க்கு மேல். பந்தயத்துக்காகச் செய்ததை சாதாரண ஆள் வாங்கி சிரமப்படக் கூடாதென்று வேண்டுமென்றே குறைத்துப் போட்டார்கள். ஹீட்டர், ரேடியோ கிடையாது, 103 ஆக்டேன் பெட்ரோல் வேண்டும். 1967-ல் அதை வாங்கியது 20 பேர்தான். அப்படி ஒரு எல்-88 கன்வெர்ட்டிபிள் 2013-ல் டல்லஸ் ஏலத்தில் கட்டணத்தோடு சேர்த்து 34 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்று பட்டியலில் ஒரு ‘டிக்’ போட்டதால் வந்த வித்தியாசம் இது.

இப்போது சிக்கலுக்கு வருவோம். உங்கள் முன் நிற்கும் வண்டி அந்த எஞ்சினோடு பிறந்ததுதானா என்று எப்படித் தெரியும்?

கையுறைப் பெட்டிக்குக் கீழே ஒரு தகட்டில் காரின் அடையாள எண் இருக்கும். 1946-ல் ஆரம்பித்து 77, பிறகு ‘எஸ்’, பிறகு ஆறு இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை இப்படிப் பிரிக்க வேண்டும்: 1 என்றால் செவ்ரலே, 94 கொர்வெட், 67 கன்வெர்ட்டிபிள் (கூப்பே என்றால் 37), அடுத்த 7 வருஷம், எஸ் என்றால் செயின்ட் லூயிஸ் ஆலை, மிச்சம் வரிசை எண். நடுவில் வரும் 67-ஐ வருஷம் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. சரி, எந்த எஞ்சின் என்று இதில் எங்கே இருக்கிறது? எங்குமே இல்லை. 300 குதிரைத்திறன் காரும் எல்-88-உம் இந்த எண்ணைப் பொறுத்தவரை ஒன்றுதான்.

நம்ம ஊரில் ஆர்.சி. புக்கில் சேஸிஸ் நம்பர், எஞ்சின் நம்பர் இரண்டும் இருக்கும். பழைய புல்லட் வாங்கப் போகிறவர்கூட முதலில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். ஆர்.டி.ஓ. ஆபீசில் சேஸிஸ் நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ‘டைட்டில்’ பத்திரத்தில் காரின் எண் மட்டும்தான், எஞ்சினுக்கு அங்கே இடமே கிடையாது. இந்தச் சின்ன ஓட்டை வழியாகத்தான் பின்னால் ஒரு பெரிய வியாபாரமே நுழைந்தது.

ஆக, மிச்சம் இருக்கும் ஒரே முக்கியமான சாட்சி எஞ்சின் உடம்பிலேயே இருக்கிறது. வலது பக்கம், சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்தில் ஒரு தட்டையான இடம். அங்கே இரண்டு முத்திரை. முதலாவது எஞ்சின் ஆலையில் அடித்தது. ‘டி’ என்றால் நியூயார்க் மாநிலத்து டோனவாண்டா, அடுத்து மாதம், தேதி, கடைசியில் வகையைச் சொல்லும் எழுத்துகள். நான்கு கியர் கொண்ட எல்-71 என்றால் ‘ஜே.இ.’, எல்-88 என்றால் ‘ஐ.டி.’. இரண்டாவது செயின்ட் லூயிஸில் காரோடு சேரும்போது அடித்தது: வருஷத்துக்கு ஒரு 7, பிறகு காரின் ஆறு இலக்க வரிசை எண். மொத்தம் ஏழு இலக்கம். ஆலைக் கணக்குக்காகவும் திருட்டைக் கண்டுபிடிக்கவும் போட்ட முத்திரை அது. பிற்காலத்தில் அதற்குப் பணம் கொட்டுவார்கள் என்று அடித்த தொழிலாளி நினைத்திருக்க மாட்டார்.

யாருமே நினைக்கவில்லை என்பதுதான் விஷயம். 435 குதிரைத்திறன் காரை வாங்கியவர்கள் அதை அலமாரியில் வைக்க வாங்கவில்லை. ஓட்டினார்கள், பந்தயம் விட்டார்கள், எஞ்சினை உடைத்தார்கள். உடைந்தால் கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்று. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு இந்தப் பெட்ரோல் குடியனைச் சீந்தக்கூட ஆள் குறைந்தது. எந்த எஞ்சின் எந்தக் காரோடு வந்தது என்பதெல்லாம் அப்போது ஒரு கேள்வியே இல்லை.

விலை ஏறிய பிறகுதான் கேள்வி வந்தது, கூடவே பதிலும் ‘தயாராக’ ஆரம்பித்தது. அதே காலத்தில் வார்த்த வேறொரு 427 பிளாக்கைத் தேடிப் பிடித்து, அந்தத் தட்டையான இடத்தைச் சீவி, பழைய எண்களை அழித்து, வேண்டிய ஏழு இலக்கத்தை அடித்துவிட்டால் வேலை முடிந்தது. வாங்குபவர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆலையில் அந்த முகப்பைச் சீவிய இயந்திரம் மெல்லிய நேர்கோடுகளை விட்டுச் செல்லும். மறுபடி சீவினால் கோடு மாறும். உடனே பூதக்கண்ணாடியோடு கோடு பார்க்கும் நிபுணர்கள் வந்தார்கள். பிறகு அதே மாதிரிக் கோடு போடக் கற்றவர்களும் வந்தார்கள். பிளாக்கை வார்த்த தேதியும் பக்கத்திலேயே புடைப்பாக இருக்கும். ‘சி 10 7’ என்றால் 1967 மார்ச் 10. கார் பிப்ரவரியில் செய்தது, எஞ்சின் மார்ச்சில் வார்த்தது என்றால் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே தேதி பொருந்தும் பிளாக்குக்குத் தனி மவுசு.

1967-லிருந்து பெட்ரோல் டேங்க் மேல் ஒரு காகிதம் ஒட்டினார்கள். அந்தக் காரில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல் அது. அது கிழியாமல் கிடைத்தால் அதிர்ஷ்டம். அதையும் போலியாக அச்சடித்தார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 435 குதிரைத்திறன் காரைச் செய்தது 3,754தான், ஆனால் அதில் ஐயாயிரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது கொர்வெட்காரர்களின் பழைய கிண்டல்.

இதில் என் கட்சி என்ன என்றால், எஞ்சின் மாற்றியதில் தப்பே இல்லை, எண் அடித்ததில்தான் தப்பு. ‘எல்லாப் பாகத்தையும் பழையபடி ஆக்குகிறோம், எண்ணையும் ஏன் ஆக்கக் கூடாது?’ என்று வாதிடும் நல்ல மெக்கானிக்குகள் இருக்கிறார்கள். சீட் துணியைப் பழைய மாதிரி தைக்கலாம், பெயின்ட் அடிக்கலாம், அதெல்லாம் தோற்றம். அந்த ஏழு இலக்கம் தோற்றம் இல்லைங்க, ஒரு வாக்குமூலம். 1974-ல் தொடங்கிய கொர்வெட் மறுசீரமைப்பாளர் சங்கம்கூட, ஆலையிலிருந்து வந்தபோது இருந்த மாதிரி இருக்கிறதா என்றுதான் மதிப்பெண் போடுகிறது. அசல் என்று சான்றிதழ் தருவது அதன் வேலை இல்லை. இந்த வேறுபாட்டைப் பல விளம்பரங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன.

இந்த எண் மோகத்துக்கு நேர் எதிரான ஒரு சம்பவம் கான்சஸ் மாநிலத்தில் நடந்தது. ஒருவர் 2016-ல் வேறு மாநிலத்து டீலரிடம் சுமார் 50,000 டாலருக்கு 1959 கொர்வெட் கன்வெர்ட்டிபிள் வாங்கினார். பதிவு செய்யக் கொண்டுபோனபோது பரிசோதித்த காவல்துறை, எண் தகட்டின் ரிவெட் ஆலையில் அடித்த மாதிரி இல்லை என்று கண்டது. முன்பு யாரோ மறுசீரமைப்புக்காகத் தகட்டைக் கழற்றித் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். எண் அசல், கார் அசல், வாங்கியவர் ஒன்றும் அறியாதவர். இருந்தாலும் அப்போதைய மாநிலச் சட்டப்படி எண்ணில் கைவைத்த வாகனம் கள்ளச் சரக்கு, அழித்துவிட வேண்டியது. வண்டி பறிமுதல் ஆனது. வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தது. 2022-ல், பழைய வண்டியைச் சீரமைக்கத் தகட்டைக் கழற்றி மாட்டினால் குற்றமில்லை என்று சட்டமன்றம் திருத்தம் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வண்டி அவர் கைக்கு வந்தது. இத்தனைக்கும் அந்த வழக்கில் எஞ்சின் எண் பொருந்துகிறதா என்ற பேச்சே எழவில்லை.