நஞ்சா? அமுதா?

"பிள்ளை பிறந்தது, நஞ்சும் விழுந்தது" என்பர் நம் வீட்டு மூதாட்டியர். விழுந்ததை மண்ணில் புதைப்பர்; தீட்டென்று தலை முழுகுவர். பத்துத் திங்கள் கருவைக் காத்த உறுப்புக்கு நாம் சூட்டிய பெயர் நஞ்சு! 1559-இல் இத்தாலியரான ரியால்டோ கொலம்போ அதற்கு 'அப்பம்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரிட்டார். வடிவம் கண்டார், வேலை கண்டாரில்லை.

தாயின் குழாய்களும் சேயின் குழாய்களும் நஞ்சுக்கொடியில் ஒன்றாய் இணைகின்றன என்றார் இரண்டாம் நூற்றாண்டு மருத்துவர் கேலன். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அதுவே வேதவாக்காய் நின்றது. 1564-இல் அரான்சி என்பார், அவை இணையவில்லை என்று எழுதினார். ஐயம் பிறந்தது, சான்று வேண்டுமே!

1754-இல் இலண்டனில் நிறைசூலியாய் இறந்த ஒரு பெண்ணின் கருப்பைக் குழாய்களில் வண்ண மெழுகு செலுத்தப்பட்டது. ஜான் ஹண்டர் அறுத்துப் பார்த்தார். மெழுகு நஞ்சுக்கொடியின் இடைவெளிகளில் நிறைந்து நின்றது; சேயின் குழாய்க்குள் புகவில்லை. இரு குருதியும் அருகருகே ஓடுகின்றன, கலப்பதில்லை! 1774-இல் அண்ணன் வில்லியம் ஹண்டர் பெருநூல் வெளியிட்டார். 1780-இல் தம்பி ஜான், கண்டவன் நானே என்று அரசவை அறிவியல் கழகத்தில் வழக்குரைத்தார். உடன்பிறப்புகள் பகைவராயினர். புகழுக்கு இருவர் போரிட்டனர். உடலையே சான்றாய்த் தந்த அந்தத் தாயின் பெயரோ ஏட்டில் ஏறவில்லை!

மெழுகு உரைத்தது முதிர்ந்த கருவின் கதை. தொடக்கம் எவ்வாறு? கருவுற்ற ஆறேழு நாளில் கருக்கோளம் கருப்பைச் சுவரில் பதிகிறது. அதன் புறத்தே உள்ள உயிரணுக்களே நஞ்சுக்கொடியாக வளர்கின்றன. ஆம், அதன் பெரும்பகுதி கருவே தனக்கெனக் கட்டிக்கொள்ளும் உறுப்பு! மூன்றாம் வாரத்தில் அதன் விரல் போன்ற அரும்புகளில் குருதிக் குழாய்கள் தோன்றுகின்றன.

தாயின் குருதி தொடக்கத்திலேயே அவ்வரும்புகளைச் சூழ்ந்து பாய்வதாக நூல்கள் உரைத்தன. 1987-இல் பெல்ஜிய நாட்டு ஹுஸ்டினும் ஷாப்ஸும் அதனை மறுத்தனர். கருவின் அணுக்களே தாயின் குழாய் வாய்களை அடைத்து நிற்கின்றன. ஏறத்தாழப் பத்து, பன்னிரண்டு வாரங்களில்தான் அடைப்பு நெகிழ்ந்து குருதி பெருகுகிறது. அதுவரை கருப்பைச் சுரப்பிகளின் சாறே கருவுக்கு ஊட்டம்.

கேலனை மெழுகு திருத்திற்று; பின்வந்த நூல்களைப் புதிய ஆய்வு திருத்திற்று. நாளை இதுவும் திருத்தப்படலாம், படட்டும்! திருத்தம் அறிவுக்கு இழுக்கன்று.

தோழர்களே! அடுத்த முறை நும் வீட்டில் பிள்ளை பிறக்கையில், தீட்டென்று தாயை ஒதுக்குவோரிடம் சொல்லுங்கள்: விழுந்தது நஞ்சன்று, உயிர் வளர்த்த அமுதக்கலம்.